மூணு மைல் கண்டிராக்டர்

எங்கள் ஊர் வழியாக ஒரு நெடுஞ்சாலை போயிற்று. நீளம் மூன்று மைல். அதை நெடுஞ்சாலை என்று சொன்னது நானல்ல. சர்க்கார் தகரப் பலகையில் எழுதி நட்டு வைத்திருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பெரிய ரோட்டில் பிரிந்து, ஓர் ஓடையில் இறங்கி ஏறி, எங்கள் ஊரின் ஒரே கடைவீதியை இரண்டாக வகிர்ந்துகொண்டு போய், மைசூர் எல்லைக் கல்லில் முட்டி நின்றுவிடும். கல்லுக்கு அந்தப் பக்கம் மாட்டுவண்டித் தடம். மாகாணங்களை எப்படிப் பிரிப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கல் எந்தப் பக்கம் நகரும் என்று யாருக்கும் தெரியாது. எதற்கும் கல் வரைக்கும் ரோடு போட்டு வைப்போம் என்று எங்கோ ஒரு மேஜையில் முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த ரோட்டைப் போட வந்த கண்டிராக்டரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பேரப் பிள்ளைகள் எங்காவது நல்லபடியாக இருப்பார்கள். ஊரில் நேருக்கு நேர் கண்டிராக்டர் என்றும், அவர் நகர்ந்ததும் ஆச்சுக்காரர் என்றும் சொன்னார்கள். காரணம் இருந்தது. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்.

"ஆச்சுன்னு வெச்சுக்குங்க."

நான் அப்போது போர்டு ஸ்கூல் டீச்சர். காவேரிப்பட்டினத்திலிருந்து வேலைக்கு வந்து, ரெட்டியார் வீட்டில் ஒரு பாதியை வாடகைக்கு எடுத்திருந்தேன். மறுபாதியில் கண்டிராக்டரும் அவர் மகள் கோமதியும். தாயில்லாத பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள். இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த சுவர் ஓடு வரைக்கும் எட்டாது. அதனால் அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் எனக்கும் சேர்த்துப் பேசுவதுதான்.

அவர் கடற்கரைக்காரர். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கேயும் ஊருக்கு நடுவே போகும் ஒரு குட்டி நெடுஞ்சாலை உண்டாம். அதைப் போட்டதும் இவர்தானாம். ராகிக் களியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த ரோடு ஞாபகம் வந்துவிடும்.

"எங்கூரு ரோட்ட நீங்க பாத்திருக்கணும் டீச்சரம்மா. வானம் பொத்துக்கிட்டு ஊத்துனாலும் மணலு குடிச்சிடும். பாலமாவது, மதகாவது! நேரா கடலு. அதுக்கு மேல எடமில்லியேன்னுதான் நிறுத்துனேன். இல்லாட்டி இலங்கைக்கே போயிருக்கும்."

எங்கள் மண் குடிக்காத மண். மேலே ஒரு சாண் செம்மண், கீழே பாறை. பெய்ததையெல்லாம் அப்படியே ஓடைக்கு அனுப்பிவிடும். ஆகவே ஓடைமேல் ஒரு பாலம் கட்டவேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. கருங்கல்லும் வண்டி வண்டியாக வந்து ஓடைக்கரையில் குவிந்தது. அந்தக் குவியலைப் பார்த்த அன்றே கண்டிராக்டருக்குப் பாலம் கட்டி முடித்த திருப்தி வந்துவிட்டது. அதற்கப்புறம் ஓடைப் பக்கம் அவர் போகவில்லை.

அவரைத் திருடர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருடனுக்குத் தான் எடுத்தது தெரியும். இவருக்கு அப்படி எதுவும் தெரியாது. வாயால் ஒன்றைச் சொன்னதும் அது எதிரே வந்து நின்றுவிடும். அதை மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்றே நம்பினார். இல்லை என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். வீட்டுக்கு வந்தவர்களின் குழந்தையை அழகில்லை என்று சொல்லிவிட்டது போல ஆகிவிடும். அதனாலேயே ஒருவரும் சொல்வதில்லை.

அதிகாரி வந்துபோன கதையை அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனி மாதம். ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சேலத்திலிருந்து வந்த பெரிய அதிகாரியின் ஜீப் கொதிமணலில் இறங்கி ஏறி ஊருக்குள் வந்திருக்கிறது.

"பாலம் எங்கேன்னு கேட்டாரும்மா. தாண்டி வந்துட்டோமே சார்னு சொன்னேன். திரும்பிப் பாத்தாரு. ஒரே புழுதி. 'பரவால்லியே, ஒரு ஆட்டங்கூடத் தெரியல'ன்னு கையக் குடுத்துட்டுப் போனாரு."

"நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்றாள் கோமதி.

"நன்றி சார்னேன்."

பிறகு கோமதியின் குரல் வந்தது. "ஏம்ப்பா, மழ பேஞ்சா?"

"அதுக்குள்ள ஆச்சுன்னு வெச்சுக்கம்மா."

"வெச்சுக்கறதுக்கு வீட்ல எடமில்லப்பா. எல்லாத்தையும் வெச்சு வெச்சு ரொம்பிப் போச்சு."

அவர் சிரித்தார். மகள் கெட்டிக்காரி என்பதில் அவருக்குப் பெருமை. அவள் சொல்வதைக் கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றியதில்லை.

அவர் சொல்லி நடந்தவையும் உண்டு. அங்கேதான் சங்கடம். கோயில் பூசாரி வந்து படி இரண்டு பெயர்ந்துவிட்டது என்றார். "ஆச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார் கண்டிராக்டர். ஒரே வாரத்தில் புதுப் படி வந்தது. ரெட்டியாரின் கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு வந்தது. எங்கள் ஸ்கூல் வாசலுக்கு நீளமாக ஒரு கல் வந்தது. என் குளியலறைக்குக்கூட, வழுக்காத நல்ல கல் ஒன்று. எல்லோரும் அவரை வாயாரப் புகழ்ந்தோம். ஓடைக்கரையில் இருந்த குவியல் மெலிந்துகொண்டே போனதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்கவேண்டியிருக்கும். கேட்டால் கல்லைத் திருப்பித் தரவேண்டியிருக்கும். ஊருக்கு அவ்வளவு விவரம் போதாதா?

இப்படி இருக்கையில் கோமதிக்கு வரன் அமைந்தது. கண்டிராக்டரின் ஊர்ப்பக்கத்துப் பையன், அப்பாவுக்கு உப்பளம். பெண் பார்க்க அவர்கள் இங்கே வரவில்லை. இவர்கள்தான் கோடையில் அங்கே போய்விட்டு வந்தார்கள். பையன் எப்படி என்று கேட்டேன்.

"ஒருதரந்தான் பாத்தேன் அக்கா. அப்பா இந்த ஊரு பாலத்தப் பத்தி அரை மணி நேரம் சொன்னாரு. அவரு என் மொகத்தப் பாத்துட்டு, பாலம் இல்லன்னு கண்டுபிடிச்சிட்டாரு. சிரிக்காம இருக்கறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டாரு."

சொல்லும்போது அவளும் கஷ்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணத்தைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்கலாம். உறவெல்லாம் அங்கேதான். கண்டிராக்டர் ஒப்பவில்லை. தான் போட்ட நெடுஞ்சாலையில்தான் மாப்பிள்ளை வரவேண்டும் என்றார். ஐப்பசியில் முகூர்த்தம் வைத்தார்கள். ஐப்பசி எப்படிப்பட்ட மாதம் என்று ரெட்டியார் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"ஏமய்யா கண்ட்ராக்டரே, சானமாவுக் காட்ல மழை புடிச்சா ஓடை என்னா ஆவும்னு தெரியுமா உனக்கு? ஆனையே அந்தாண்டை நின்னுக்கும்."

"அதெல்லாம் தெரியும் ரெட்டியாரே. பாலம் ஆச்சுன்னு வெச்சுக்குங்க."

ரெட்டியார் தன் கிணற்றுச் சுற்றுக்கட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே மேற்கே மலையெல்லாம் கறுத்துவிட்டது. எங்கள் ஊரில் தூறல்தான். மத்தியானத்துக்கு மேல், மாப்பிள்ளையை அழைக்க நாதஸ்வரத்தோடு ஊரே ஓடைக்குப் போயிற்று. நானும் போனேன். ஓடை கரையை முட்டிக்கொண்டு செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முழு முருங்கை மரம் எங்கள் கண்ணெதிரே உருண்டு போயிற்று. எதிர்க்கரையில் கிருஷ்ணகிரியிலிருந்து வாடகைக்குப் பிடித்த பஸ் நின்றது. உறவினர்களெல்லாம் இறங்கி நின்றார்கள். உப்பளக்காரர் கரை விளிம்புக்கு வந்தார். கடல் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"பாலம் எங்கய்யா?"

நாதஸ்வரம் நின்றுவிட்டது. ஊர் முழுக்கக் கண்டிராக்டரைப் பார்த்தது. அவர் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, துளிகூடக் கலங்காமல் கத்தினார்.

"ஆச்சுன்னு வெச்சுக்குங்க சம்பந்தி! கொஞ்சம் வேலதான் பாக்கி!"

உப்பளக்காரர் ஓடையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்படியா? சரி. கல்யாணமும் ஆச்சுன்னு வெச்சுக்கும்! டிரைவர், வண்டியத் திருப்பு!"

அதுவரைக்கும் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் திருப்பிச் சொன்னதில்லை. கண்டிராக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. பஸ் உறுமத் தொடங்கியது. "இருங்க, இருங்க! மொழங்கால் தண்ணிதான்! நானே வந்து கூட்டிட்டுப் போறேன்!" என்று சொல்லிக்கொண்டே, குடையோடு, அங்கவஸ்திரத்தோடு இறங்கிவிட்டார். ரெட்டியார் அவருடைய வேட்டியை எட்டிப் பிடித்தார். வேட்டியின் ஒரு முனைதான் கையில் கிழிந்து வந்தது. மூன்றாவது அடியில் ஆளைக் காணோம். குடை மட்டும் விரித்தபடி தனியாகப் போயிற்று.

எங்கள் கரையில் எல்லோரும் கத்தினோம். ஒருவரும் இறங்கவில்லை. எதிர்க்கரையில் பட்டு வேட்டிக் கூட்டத்திலிருந்து ஒருவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தான். தண்ணீரோடு சண்டை போடாமல், அதன் போக்கிலேயே சாய்வாக நீந்திப் போனான். எங்கள் கரை வளைவில் ஒரு புங்க மரத்தின் வேர்ப் பக்கம் இரண்டு தலைகள் தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நாலைந்து பேர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்கள். மேலே வந்தவன்தான் மாப்பிள்ளை என்று எதிர்க்கரையிலிருந்து வந்த கூச்சலில்தான் தெரிந்தது.

நான் வீட்டுக்கு ஓடினேன். கோமதி பாதி பின்னிய சடையோடு எழுந்து நின்றாள். சொன்னேன்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லியே?"

"இல்ல. தண்ணி குடிச்சிருக்கார், அவ்ளோதான். ஏம்மா, கடற்கரைக்காரருக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியும்னு வெச்சுக்கிட்டிருந்தாரு" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். செருப்புக்கூட இல்லாமல் என்னோடு ஓடைக்கு வந்தாள். கல்யாணப் பெண் வெளியே வரக்கூடாது என்று வழியில் நாலு பேர் சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை.

கண்டிராக்டரைப் புங்க மரத்தடியில் கம்பளி போர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். நடுங்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் மாப்பிள்ளை வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றான். எதிர்க்கரையில் அவன் அப்பா கைகளை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "வாடா திரும்பி! வந்த மாதிரியே வா!"

கோமதி அப்பாவின் தலையைத் தன் முந்தானையால் துவட்டினாள். பிறகு மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "உங்கப்பா சொல்றதுல தப்பில்ல. எங்கப்பா செஞ்சதுதான் தப்பு. நீங்க போறதுன்னா போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவன் ஓடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நீந்தி வந்தவனுக்கு ஒரு காப்பி கெடயாதா இந்த ஊர்ல?" என்றான். பிறகு எதிர்க்கரையைப் பார்த்துக் கையைக் குவித்துக்கொண்டு கத்தினான். "தண்ணி ரொம்ப வேகமா இருக்குப்பா! வடிஞ்சதும் வரேன்!"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே தண்ணீரில் ஓர் ஆளையும் இழுத்துக்கொண்டு நீந்தியவன் சொல்கிற பேச்சா அது? உப்பளக்காரருக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸுக்குள் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் பஸ் போகவில்லை. டிரைவர் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா போய் நின்றுகொண்டிருந்தாள்.

விடிந்தபோதும் ஓடை வடியவில்லை. முகூர்த்த நேரம் நெருங்கியது. அம்மா பார்க்காமல் தாலி கட்டமாட்டேன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டான். அதனால் பந்தலில் இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையில் வைத்தோம். அப்புறம்தான் ஐயருக்கு ஞாபகம் வந்தது. தாலியும் கூறைப் புடவையும் எதிர்க்கரையில் இருக்கின்றன.

பஸ்ஸின் கூரையில் சாமான் கட்டும் கயிறு இருந்தது. அதில் ஒரு கல்லைக் கட்டி எங்கள் பக்கம் வீசினான் கிளீனர். இரண்டு தரம் தண்ணீரில் விழுந்தது. மூன்றாம் தரம் ரெட்டியார் தாவிப் பிடித்தார். அந்த ஓடையின்மேல் அமைந்த முதல் பாலம் அந்தக் கயிறுதான். அதையும் கண்டிராக்டர் போடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தாலியையும் புடவையையும் ஒரு தூக்குப் பாத்திரத்தில் வைத்து இறுக்க மூடினாள். உப்பளக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து ஏதோ சொன்னார். அவள் பதில் எங்கள் கரைக்கே கேட்டது.

"நீங்க கோவிச்சுக்கிட்டு இருங்க. அது உங்க வேல. எம்புள்ள கல்யாணத்துக்குத் தாலி குடுக்கறது என் வேல."

தூக்கு ஆடி ஆடி வந்தது. நடுவில் ஒருதரம் தண்ணீரைத் தொட்டுவிட்டு எழுந்தது. ஐயர் எட்டி வாங்கிக்கொண்டார்.

கன்னிகாதானத்துக்குக் கண்டிராக்டரை உட்கார வைத்தார்கள். முந்தின நாள் மாலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தார். ஐயர் தண்ணீரை ஊற்றிவிட்டு, "ஆச்சா?" என்றார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சிரிப்பதற்குக்கூட நாங்கள் தயாராக இருந்தோம்.

"இருங்க" என்றார் கண்டிராக்டர். "இன்னும் அவ கைய நான் விடல."

யாரும் சிரிக்கவில்லை.

தாலி கட்டும்போது எதிர்க்கரையில் அந்த அம்மா அட்சதையைத் தண்ணீரைப் பார்த்து எறிந்தாள். பக்கத்தில் உப்பளக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் கொட்டியதும் திரும்பிப் பார்த்தார். அவர் கையிலும் அட்சதை இருந்தது.

உச்சிவேளைக்கு மேல் தண்ணீர் வடிந்து அவர்கள் சேற்றில் நடந்து வந்தார்கள். உப்பளக்காரர் சம்பந்தியோடு பேசவில்லை. பந்தியில் உட்கார்ந்து ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பும் போட்டாச்சுன்னு வெச்சுக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். கண்டிராக்டர் தானே எழுந்து போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் இலையில் வைத்தார்.

கோமதி போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பத்து நாள் கழித்து அவர் வீடு வீடாகப் போனார், கல்லைத் திருப்பிக் கேட்டு. எங்கள் ஊரின் பெருந்தன்மையை அப்போது பார்த்திருக்கவேண்டும். சாமிக்குக் கொடுத்ததைக் கேட்பது பாவம் என்றார் பூசாரி. மேலிடத்துக்கு எழுதிப்போட்டுக் கேட்கவேண்டும் என்றார் எங்கள் ஹெட்மாஸ்டர். ரெட்டியார் நேரடியான ஆள். "குடுத்தாச்சுன்னு வெச்சுக்கோய்யா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான் குளியலறைக் கல்லைப் பெயர்த்துக் கொடுத்தேன். தியாகமெல்லாம் இல்லை, ரெட்டியார் வேறு கல் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். போடவில்லை.

குவியலில் மிச்சமிருந்ததையும் கிடைத்ததையும் வைத்துக்கொண்டு, ஒரு கொத்தனாரையும் இரண்டு சித்தாள் பெண்களையும் கூட்டிக்கொண்டு, கண்டிராக்டர் ஓடைக்குள் இறங்கினார். தை, மாசி, பங்குனி முழுக்க அங்கேயேதான் கிடந்தார். கல் சுமந்து தோள்பட்டை காய்த்துவிட்டது. எதிரே வருகிறவர்கள் "எப்ப முடியும்?" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். சித்திரையில் பாலம் எழுந்தது. இருந்த கல்லுக்கு ஏற்ற பாலம். பஸ் போகாது, வண்டியும் போகாது. தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்தால் எதிரே வருகிறவர் நின்று வழிவிட வேண்டும். நெடுஞ்சாலைக்கு இந்த அகலத்தில் பாலம் கட்ட விதியில்லை என்று, வந்து பார்த்த அதிகாரி தள்ளிவிட்டார். இல்லாத பாலத்துக்குக் கை கொடுத்த அதே அதிகாரிதான். அகலமான பாலத்தைக் கட்டும் வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

கோமதி முழுகாமல் இருப்பதாகச் சேதி வந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் ஊருக்குப் புறப்பட்டார். டிரங்குப் பெட்டியைக் கொத்தனார் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். பெரிய ரோட்டில்தான் பஸ் பிடிக்கவேண்டும். நானும் ரெட்டியாரும் ஓடை வரைக்கும் போனோம்.

"என்னா கண்ட்ராக்டரே, ஒரு வழியா பாலம் ஆச்சு" என்றார் ரெட்டியார். சமாதானத்துக்காகச் சொன்னதுதான்.

அவர் பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மேப்பக்கம் ஒரு கல்லு சரியா உக்காரல ரெட்டியாரே" என்றார். என்னிடம் கைகூப்பி, "வரேன் டீச்சரம்மா" என்றார்.

பாலத்தில் ஏறி நடந்தார். பாதி தூரத்தில் நின்றார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலால் கல்லை இரண்டு தரம் ஓங்கி மிதித்துப் பார்த்தார். பிறகு அந்தக் கரைக்குப் போனார்.